அவ சொல்றதை அவகிட்டயே கேளுங்க



இந்த வாரம் மஞ்சளைப் பத்தியும் எழுதலை, வாய்க்கால் தண்ணி பத்தியும் எழுதலை. என் தங்கச்சி புள்ளையைப் பத்தி எழுதறேன். அவகிட்ட கேட்டுட்டுத்தான் எழுதறேன். "என் பேரு போடக்கூடாது, ஊர்ப் பேரு போடக்கூடாது, போட்டோ போடக்கூடாது, மாட்டுப் பேரு போட்டுக்கலாம்"னு நாலு கண்டிஷன் போட்டா. நாலையும் ஒரு தாள்ல எழுதி என்கிட்ட கையெழுத்து வாங்கி வெச்சுக்கிட்டா. அவ அப்பிடித்தான்.

அவளுக்கு இப்ப 23 வயசு. ஆட்டிசம் இருக்கிற புள்ள. திருநங்கையும் கூட. ரெண்டும் ஒரே ஆளுக்கா அப்பிடின்னு கேக்கறவங்க நிறைய. ஆமாங்க, ஒரே ஆளுக்குத்தான். சின்ன வயசுக் கதையைச் சொல்லும்போதும் "அவ"ன்னுதான் எழுதுவேன். அதுவும் அவ சொன்னதுதான்.

நாலு வயசு வரைக்கும் பேச்சு வரலை. அம்மான்னு சொல்றதுக்கு முன்னாடி அவ வாயில வந்தது நம்பருங்க. எங்க வீட்டுச் செவலை மாட்டுக் காதுல இருக்கற மஞ்சள் வில்லையில 12 இலக்க நம்பர் இருக்குமில்லீங்களா, அந்த மாதிரி ஊர்ல உள்ள மாட்டு நம்பரெல்லாம் இன்னைக்கு அவளுக்கு மனப்பாடம். கோயில் நோம்பிக்கு மைக் செட் கட்டினா காதைப் பொத்திக்கிட்டு மாட்டுக் கொட்டாய்க்குள்ள போய் உக்காந்துக்குவா. சட்டைக் கழுத்துல தைக்கிற துணிச்சீட்டு உறுத்தினா அன்னைக்கு முழுக்கச் சோறு இறங்காது. முடி வெட்ட நாலு பேரு புடிக்கோணும். என் மாப்பிள்ளை, அதாவது அவ அப்பா, ஊரே பாக்குதேன்னு தலை குனிஞ்சு நிப்பாரு.

ஸ்கூலுக்கு வந்துட்டிருந்த சிறப்பாசிரியர் டீச்சர்தான் முதல்ல ஆட்டிசம்கிற வார்த்தையைச் சொன்னாங்க. அப்பல்லாம் அதுக்குன்னு தனியாச் சான்று கிடைக்கிறது சிரமம். 1995 ஊனமுற்றோர் சட்டத்துல 7 வகைதான் இருந்துச்சு, அதுல ஆட்டிசம் இல்லை. 2016-ல வந்த புதுச் சட்டத்துல 21 வகை ஆச்சு, ஆட்டிசமும் சேர்ந்துச்சு. அதுக்கப்புறம்தான் நாங்க சான்றுக்குப் போனோம். 40 கேள்வி வெச்சு மார்க் போடுவாங்க. ஒவ்வொண்ணுக்கும் 1-லேர்ந்து 5 வரைக்கும். கூட்டிப் பாத்து 70 வந்தா ஆட்டிசம்னு எழுதுவாங்க. முதல் கேள்வியே கண்ணைப் பாத்துப் பேசறாங்களாங்கறதுதான். டாக்டரம்மா "ஏன் சாமி என்னைப் பாக்க மாட்டேங்கற?"ன்னு கேட்டாங்க. இவ சுவத்தைப் பாத்துக்கிட்டே, "உங்க கண்ணைப் பாத்தா நீங்க பேசறது எனக்குக் கேக்காது. எது வேணும்?"னு கேட்டா. அந்தம்மா நல்லவங்க, சிரிச்சுட்டு, "கேளு, அதுதான் வேணும்"னாங்க.

அந்த வருசமே, 16 வயசுல, ஒரு நாள் சாயங்காலம் பால் கறந்துட்டிருக்கும்போது தங்கச்சிகிட்டச் சொல்லியிருக்கா. "அம்மா, நான் பொண்ணு. ஆறு வயசுலேர்ந்து தெரியும். மீசை வளருது, அதனால இப்பச் சொல்லோணும்." அழுகை இல்லை, சண்டை இல்லை. சொசைட்டியில பால் அளவு சொல்ற மாதிரியே சொல்லியிருக்கா.

அப்ப ஆரம்பிச்சதுங்க பிரச்சனை. என்ன பிரச்சனைன்னு சொல்றதுக்கு முன்னாடி ஒரு மாட்டுக் கதை சொல்லோணும்.

மூணு வருசம் முன்னாடி ஒரு தரகர் எங்க பக்கத்துத் தோட்டத்துக்கு ஒரு மாட்டை ஓட்டிட்டு வந்தாரு. ரெண்டாம் ஈத்து, நேரத்துக்கு எட்டு லிட்டர்னு சொல்லி, துண்டுக்குள்ள விரலைப் புடிச்சு விலையும் பேசியாச்சு. அட்வான்ஸ் கைமாறப் போற நேரத்துல இவ மாட்டுக் காதை ஒரு தடவை பாத்தா. "இந்த மாடு மேக்கால ஊரு மேஸ்திரி வீட்ல இருந்துச்சு. இது நாலாம் ஈத்து. இடது பின்காம்புல போன வருசம் மடிநோய் வந்துச்சு"ன்னு சொல்லிட்டுப் போய்ட்டா. போன் போட்டுக் கேட்டா அத்தனையும் நெசம். தரகர் மாட்டைத் திருப்பி ஓட்டிட்டுப் போனாரு. அதுலேர்ந்து மாடு வாங்கறவங்க எல்லாம் இவளைக் கூட்டிட்டுப் போறாங்க. பால் சொசைட்டியிலயும் இவ எழுதின கணக்கை யாரும் மறுபடி கூட்டிப் பாக்கறதில்லை. "அந்தப் புள்ளைக்குப் பொய் சொல்லத் தெரியாதுங்க"ன்னு ஊரே சொல்லும்.

அதே ஊரு, தன்னைப் பத்தி அவ சொன்ன ஒரே ஒரு வார்த்தையை மட்டும் நம்பலை. "பாவம், ஆட்டிசம் புள்ள, அதுக்கு என்ன தெரியும், டிவியில பாத்துட்டு உளறுது"ன்னுட்டாங்க. மாட்டுக்குச் சாட்சி சொன்னா செல்லும், தனக்குச் சொன்னா செல்லாது. நான் இத்தனை வருசமாப் பாத்ததுல இதுதான் பெரிய விசயம்.

ஊரை விடுங்க, படிச்சவங்களும் அப்பிடித்தான். டவுன்ல ஒரு மனநல டாக்டரைப் பாத்தோம். ஃபைல்ல ஆட்டிசம் சான்று இருந்ததைப் பாத்ததும் பேனாவை மூடிட்டாரு. "இந்த மாதிரிப் புள்ளைங்க எதையாவது ஒண்ணைப் புடிச்சுக்கிட்டு விடமாட்டாங்க. மாட்டு நம்பர் மாதிரி இதுவும் ஒண்ணு. ரெண்டு வருசத்துல மாறிரும்"னாரு. இவ கேட்டா: "மாட்டு நம்பர் நெசமா இருக்குதுங்களே?" அவருக்குப் பதில் வரலை. இன்னொரு இடத்துல, திருநங்கைகளைப் பாக்கிற டாக்டர், கவுன்சிலிங்ல மனசுல என்ன உணர்ச்சி வருதுன்னு கேட்டாரு. இவ பத்து நிமிசம் பேசாம இருந்தா. அவளுக்கு அந்தக் கேள்விக்குப் பதில் தேட அவ்வளவு நேரம் ஆகும். "ஒத்துழைப்பு இல்லை"ன்னு சீட்டுல எழுதி அனுப்பிட்டாங்க. முதல் டாக்டருக்கு ஆட்டிசம் மட்டும் தெரிஞ்சுது. ரெண்டாவது டாக்டருக்கு அது மட்டும் தெரியலை.

இதுல ஆராய்ச்சி என்ன சொல்லுதுன்னு கோயமுத்தூர்ல படிச்ச என் பையன்கிட்டக் கேட்டேன். அவன் தேடிப் படிச்சுச் சொன்னான். 2020-ல கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்காரங்க 6,40,000 பேருக்கு மேல உள்ள விவரத்தை வெச்சு ஒரு ஆய்வு போட்டிருக்காங்க. பொறந்தப்பச் சொன்ன பாலினத்தோட தன்னைச் சேத்துப் பாக்காதவங்கள்ல ஆட்டிசம் இருக்கிறது மத்தவங்களைவிட 3-லேர்ந்து 6 மடங்கு அதிகமாம். ஒண்ணுனால இன்னொண்ணு வருதுன்னு அர்த்தம் இல்லைன்னும் அவங்களே சொல்லியிருக்காங்க. அதுல பெரும்பங்கு பிரிட்டன்ல ஒரு டிவி நிகழ்ச்சிக்காக ஆன்லைன்ல கேள்வி நிரப்பினவங்க. நம்ம ஊர்ல ரேசன் கடை வரிசையில நிக்கிறவங்க அந்தக் கணக்குல இல்லை. இருந்தாலும் எங்களுக்கு அந்தச் சேதி ஒரு தெம்பு. இவ ஒருத்தி மட்டும் இப்பிடி இல்லை, உலகத்துல நிறையப் பேரு இருக்காங்க.

பையன் இன்னொண்ணும் சொன்னான். அதைக் கேட்ட அன்னைக்கு எனக்குத் தூக்கம் வரலை. அமெரிக்காவுல ஐவர் லோவாஸ்னு ஒரு சைக்காலஜிக்காரர். ஆட்டிசம் புள்ளைங்களுக்குப் பரிசு, தண்டனை குடுத்துப் பழக்கற முறையைப் பெருசா வளத்தவர் அவர்தான். அவரும் ஜார்ஜ் ரெக்கர்ஸ்ங்கறவரும் சேர்ந்து, பொண்ணு மாதிரி நடந்துக்கற ஒரு சின்னப் பையனை மாத்திக் காட்டினோம்னு 1974-ல ஒரு கட்டுரை போட்டாங்க. ஆம்பளை மாதிரி இருந்தா நீல வில்லை, பொம்பளை மாதிரி இருந்தா சிவப்பு வில்லை. சிவப்பு வில்லைக்கு வீட்ல அப்பாகிட்ட அடி. பையன் மாறிட்டான், ஜெயிச்சோம்னு எழுதினாங்க. அந்தப் பையன் பெரிய ஆளாகி 2003-ல, 38 வயசுல, தற்கொலை பண்ணிக்கிட்டான். கண்ணைப் பாரு, கையை ஆட்டாதேன்னு ஆட்டிசம் புள்ளைகளைப் பழக்கின அதே கைதான் இதையும் செஞ்சிருக்கு. வெளியில பாக்கிறதுக்கு எல்லார் மாதிரியும் தெரிஞ்சாப் போதும், உள்ள எப்பிடி இருந்தா என்னங்கற நெனப்பு.

எங்க சொந்தத்துலயும் அந்த நெனப்புக்குக் குறைவில்லை. மந்திரிக்கச் சொன்னாங்க. கல்யாணம் பண்ணி வெச்சா சரியாயிரும்னாங்க. ஒருத்தர் ஊசி போட்டே மாத்தற டாக்டர் இருக்காருன்னு விலாசம் குடுத்தாரு. அப்ப எனக்குக் கை குடுத்தது ஒரு தீர்ப்புங்க. 2021-ல மெட்ராஸ் ஹைகோர்ட்ல நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் குடுத்தது. மதுரைப் பக்கம் ரெண்டு பொண்ணுங்க சேர்ந்து வாழறதைப் பத்தின வழக்கு. அதுல, மருத்துவத்தால இவங்களை மாத்தறேன்னு சொல்ற எந்த முயற்சியும் கூடாதுன்னு தடை போட்டாரு. திருநங்கைகளுக்கும் சேத்துத்தான் அது. அடுத்த வருசம் தேசிய மருத்துவ ஆணையமும் அப்பிடிச் செய்யறது டாக்டர் தொழிலுக்கே ஒழுங்கீனம்னு சொல்லிருச்சு. எனக்குப் புடிச்சது தடை மட்டும் இல்லை. இந்த விசயம் எனக்கே முழுசாப் புரியலைன்னு நீதிபதி வெளிப்படையாச் சொல்லிட்டு, ஒரு சைக்காலஜிஸ்ட்கிட்ட உக்காந்து கத்துக்கிட்டு வந்துதான் தீர்ப்பு எழுதியிருக்காரு. அவ்வளவு பெரிய படிப்புப் படிச்சவரே அப்பிடி. விலாசம் குடுத்த சொந்தக்காரர்கிட்ட இதைச் சொன்னேன். அதுலேர்ந்து அவரு எங்க வீட்டுப் பக்கம் வர்றதில்லை. பரவால்லீங்க.

2022-ல கலெக்டர் ஆபீஸ்ல திருநங்கை அடையாளச் சான்று வாங்கினோம். 2014-லயே சுப்ரீம் கோர்ட், தன்னோட பாலினத்தைத் தானே சொல்லிக்கலாம், ஆபரேஷன் பண்ணியிருக்கோணும்னு கட்டாயப்படுத்தக் கூடாதுன்னு சொல்லிருச்சு. 2020-ல வந்த விதியிலயும் உடம்பைச் சோதிக்காமலே கலெக்டர் சான்று குடுக்கலாம்னு இருந்துச்சு. ஆனா அந்த ஆபீஸ்ல இருந்த ஒருத்தர், "மனநிலை சரியில்லாத ஆளு கையெழுத்துப் போட்டா செல்லாதே"ன்னாரு. ஆட்டிசம்னா மனநிலை சரியில்லாததுன்னு அவரா முடிவு பண்ணிக்கிட்டாரு. தங்கச்சி கண்ணு கலங்கிருச்சு. இவ மட்டும் பையிலேர்ந்து சட்டத்தோட நகலை எடுத்து, பக்கம் நம்பர் சொல்லி, "இதுல எங்க எழுதியிருக்கு, காட்டுங்க"ன்னா. அவருக்குக் கோவம். இவளுக்குக் கோவம் எல்லாம் இல்லை, நெசமாவே எங்க எழுதியிருக்குன்னு தெரிஞ்சுக்கத்தான் கேட்டா. அஞ்சு நடை நடந்து வாங்கினோம். இப்பக் கையில ரெண்டு கார்டு. மாற்றுத்திறனாளி கார்டுல "ஆண்"னு இருந்துச்சு, இன்னொண்ணுல திருநங்கை. ரெண்டையும் ஒண்ணாக்க இன்னும் ஒரு வருசம் ஆச்சு.

இதெல்லாம் தாளோட போற கஷ்டம். உசுரு போற கஷ்டம் ஒண்ணு வந்துச்சு, 2023 ஐப்பசியில.

விடிகாலையில எழுந்து வந்து சொன்னா: "வயிறு வலிக்குது. 3.10-க்குத் தொப்புள் பக்கம் ஆரம்பிச்சுது." அப்புறம் போய்ச் சாணி அள்ளினா. எட்டு மணிக்கு மறுபடி வந்து, "7.40-க்கு வலது பக்கம் கீழ இறங்கிருச்சு. சோறு வேண்டாம்"னா. அவ சோறு வேண்டாம்னு சொன்னா அது சாதாரணம் இல்லைன்னு எங்களுக்குத் தெரியும். வண்டி புடிச்சு ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். அங்க இருந்த சின்ன டாக்டர் "வலி பத்துக்கு எத்தனை?"ன்னு கேட்டாரு. "எதோட ஒப்பிட்டு?"ன்னு இவ கேட்டா. முகத்துல வலியே தெரியலை, குரலும் ஏறி இறங்கலை. அழறவங்களுக்குத்தான் வலின்னு நெனைச்சுட்டாரு போல. அப்புறம் பேச்சு வயித்தை விட்டு எங்கியோ போயிருச்சு. ஊசி போட்டுக்கறயா, ஆபரேஷன் ஆயிருச்சா, கீழ எப்பிடி இருக்குன்னு கேள்வி. பாக்கறதுக்கு வேற ரெண்டு பேரைக் கூப்பிட்டாரு. ஆம்பளை வார்டுல ஒரு கட்டில் காட்டினாங்க. இவ போகமாட்டேன்னு வராண்டாவுல தரையில உக்காந்துட்டா. டியூப்லைட் வெளிச்சமும் ட்ராலிச் சத்தமும் சேர, முன்னும் பின்னும் ஆட ஆரம்பிச்சா. "வயலெண்டா இருக்கு, ஊசி போட்டுத் தூங்க வைங்க"ன்னு ஒரு குரல் கேட்டுது. நாலு மணி நேரம் போச்சு. யாரும் வயித்தை அமுத்திப் பாக்கலை.

தங்கச்சி என் கையைப் புடிச்சுக்கிட்டு, "அண்ணா, போலாம்"னா. இன்னொரு ஆஸ்பத்திரிக்கு ஓட்டினோம். அங்க ஒரு நர்ஸம்மா, என் வயசு இருக்கும். முதல்ல வந்து எங்க யாரையும் கேக்கலை, இவளைக் கேட்டாங்க. "உன்னை என்னன்னு கூப்பிடட்டும்?" பேரைச் சொன்னா. "என்ன ஆச்சு?" 3.10, 7.40 ரெண்டையும் சொன்னா. நர்ஸம்மா முகம் மாறிருச்சு. தொப்புள்ல ஆரம்பிச்சு வலது பக்கம் கீழ இறங்கினா அது குடல்வால்னு அவங்களுக்குத் தெரியும். லைட்டை அணைச்சாங்க. "இப்ப அமுத்தப் போறேன், மூணு எண்ணுவேன்"னு சொல்லிட்டு அமுத்தினாங்க. ஊசி போடறதுக்கு முன்னாடி ஊசியைக் காட்டினாங்க. பொம்பளை வார்டு ஓரத்துல திரை போட்டு ஒரு கட்டில் குடுத்தாங்க. அன்னைக்கு ராத்திரியே ஆபரேஷன். வெடிக்கிற நிலைமையில இருந்துச்சுன்னு பெரிய டாக்டர் சொன்னாரு.

யோசிச்சுப் பாருங்க. வேற யாராவதா இருந்தா "வயிறெல்லாம் வலிக்குது"ன்னு மொட்டையாச் சொல்லியிருப்போம். இவ மணிக்கணக்கோட, இடத்தோட சொன்னா. டாக்டர் புத்தகத்துல இருக்கற மாதிரியே சொன்னா. அப்பிடிச் சொல்லியும் முதல் இடத்துல காது கேக்கலை. அந்த நர்ஸம்மா பெருசா ஒண்ணும் செஞ்சுடலை. நம்பினாங்க, சொல்லிட்டுத் தொட்டாங்க. அதுக்குப் பைசாச் செலவு இல்லை.

டேமியன் மில்டன்னு பிரிட்டன்ல ஒரு ஆராய்ச்சிக்காரர், அவருக்கே ஆட்டிசம் உண்டு. 2012-ல அவரு எழுதினது: ஆட்டிசம் உள்ளவங்களுக்கு மத்தவங்களைப் புரியலைன்னு மட்டும் சொல்லாதீங்க, மத்தவங்களுக்கும் அவங்களைப் புரியறதில்லை, பள்ளம் ரெண்டு பக்கமும் இருக்கு. அந்த ஆஸ்பத்திரி வராண்டாவுல நின்னவனுக்கு இது ஆராய்ச்சியே இல்லீங்க, கண்ணால பாத்தது.

தன் ஆளுங்க கூடப் போய் இருந்துக்கட்டுமேன்னு சில பேரு சொல்றாங்க. அதையும் பாத்தா. ஈரோட்டுல ஒரு மூத்த திருநங்கை வீட்ல மூணு மாசம் இருந்தா. பெரியவங்களைப் பாத்தா "பாவ்படுத்தி" சொல்லோணும்ங்கற முறை அவளுக்கு ரொம்பப் புடிச்சுது. எப்ப என்ன சொல்லோணும்னு தெளிவா இருக்கில்ல. ஆனா கை தட்டற சத்தமும் வீடு நெறையக் கூட்டமும் தாங்கலை. கடை கேக்கப் போனா பஜார்ச் சத்தத்துல மயக்கம் போட்டா. அந்த அம்மாவே கூட்டிட்டு வந்து விட்டாங்க. "இவ என் மகதான். ஆனா இவளுக்கு மாடுதான் சரி"ன்னு சொல்லிட்டு, எங்கம்மா குடுத்த மோரைக் குடிச்சுட்டுப் போனாங்க. மாசம் ஒருக்கா போன் பண்ணுவாங்க, ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு. பத்து அஞ்சுக்குப் பண்ணினா இவ எடுக்கமாட்டா.

போன தை மாசம் என்கிட்ட வந்து கேட்டா. "மாமா, பொண்ணுங்களுக்குத் தாய்மாமன்தானே சீர் செய்யோணும்? எனக்கு எப்பச் செய்வீங்க?" கேள்வி அவ்வளவுதான். நானும் என் வீட்டுக்காரியும் உக்காந்து பேசினோம். பட்டுப் பொடவை ஜரிகை அவ உடம்புக்கு ஆகாது. அதனால பருத்திச் சுடிதார் எடுத்து, மூணு தடவை தொவைச்சு மெதுவாக்கி, கழுத்துத் துணிச்சீட்டை வெட்டிட்டு, தட்டுல பழம், வெத்தலை பாக்கு, வளையல், பூவோட வெச்சுக் கொண்டு போனோம். மைக் செட் இல்லை, மேளம் இல்லை. மொத்தம் ஏழு பேரு. மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் யாரும் வரலை. மாப்பிள்ளை மட்டும் கொட்டாய்ல நின்னுக்கிட்டிருந்தவரு, கடைசியில உள்ள வந்து பந்திப்பாயை விரிச்சாரு. எங்கம்மாவுக்கு 81 வயசு. பேத்தியை அதுவரைக்கும் "கண்ணு"ன்னுதான் கூப்பிடும். கண்ணுன்னா ஆணுக்கும் ஆகும், பொண்ணுக்கும் ஆகும், வம்பில்லை. அன்னைக்கு இலை போட்டதும், "அம்மிணி, வந்து உக்காரு"ன்னுது. இவ உக்காந்தா. "அம்முச்சி அம்மிணின்னு சொன்னாங்க"ன்னு எல்லாருக்கும் ஒருக்கா அறிவிச்சுட்டுச் சாப்பிட ஆரம்பிச்சா.

உங்க வீட்லயோ பக்கத்து வீட்லயோ இப்பிடி ஒரு புள்ள இருந்தா, எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன். மாற்றுத்திறனாளி சான்றுக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம், திருநங்கை நல வாரிய அட்டைக்கு மாவட்டச் சமூக நல அலுவலகம். 2008-ல நம்ம தமிழ்நாட்லதான் நாட்டுலயே முதல்ல அந்த வாரியம் வந்துச்சு, பயன்படுத்துங்க. ரெண்டு கார்டுலயும் பேரும் பாலினமும் ஒண்ணா இருக்கான்னு பாத்துக்குங்க. ஆஸ்பத்திரிக்குப் போனா, தொடறதுக்கு முன்னாடி சொல்லோணும், பதிலுக்கு நேரம் குடுக்கோணும், இன்ன பேர் சொல்லிக் கூப்பிடோணும்னு ஒரு தாள்ல எழுதி எடுத்துட்டுப் போங்க. நாங்க இப்ப அப்பிடித்தான் போறோம். அந்தத் தாளை அவளே எழுதினா. கடைசி வரி: "நான் அழவில்லை என்றாலும் வலிக்கும்."

நேத்து செவலை கன்னு போட்டுருக்கு, கிடேரி. சீம்பால் வேணுங்கறவங்க வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லிருங்க. அடுத்த வாரம் மஞ்சள் வேக வைக்கறதைப் பத்தி எழுதறேன்.